எதிர் வீட்டு பி.பி. நம்பர்

என் அப்பாவின் லெட்டர்பேடில் ஒரு ஃபோன் நம்பர் அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே பி.பி. என்று இரண்டு எழுத்து. எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது, இந்த நம்பருக்குக் கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் வந்து எங்களைக் கூப்பிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். அப்போதெல்லாம் பாதி ஊர் அப்படித்தான் இருந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கென்று இருந்த ஒரே ஃபோன் எதிர் வீட்டில் இருந்தது. அந்த வீட்டு மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவு எதுவும் இல்லை. எதிரெதிர் வாசல், அவ்வளவுதான்.

எனக்கு முதல் வேலை கிடைத்த செய்தி அந்த ஃபோனில்தான் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு தெருவைத் தாண்டி ஓடிவந்து, "தம்பி, மெட்ராஸ்லேருந்து கூப்புடுறாங்க, ஓடியா" என்று அத்தை கத்தினார். என் கல்யாணப் பேச்சும் பாதி அந்த வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. பெண் வீட்டார் கூப்பிடும்போதெல்லாம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவார். அத்தை ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மழை, வெயில், அடுப்பில் குழம்பு, எதுவானாலும் வந்து கூப்பிடுவார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது என்று சொல்வார்களே, நான் செய்தது அதைத்தான். அதை இப்போதாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

2007-இல் சென்னை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்தேன். கட்டட வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று திட்டம். வாசலை ஒட்டிய அறைதான் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், நான், என் மனைவி. அமெரிக்காவில் ஒரு கட்டடக்காரர் எங்களுக்கு வேலை கொடுத்தார். அவரிடம் எங்கள் ஆபீசில் ஏழு பேர் என்று சொல்லியிருந்தேன். ஏன் ஏழு என்று கேட்டால் தெரியாது. ஐந்து என்றால் குறைவாகப் பட்டது.

அவருக்காகத்தான் இன்டர்நெட் ஃபோன் போட்டேன். அங்கிருந்து வந்த நண்பன் ஒருவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பிராட்பேண்டில் செருகினால் அமெரிக்க நம்பர் ஒன்று என் மேஜையில் அடிக்கும். கூப்பிடுகிறவருக்கு உள்ளூர் அழைப்பு, எனக்கு முதுநகர். அது வந்ததும் ஆசை பெருத்துவிட்டது. ஆபீஸ் என்றால் இன்டர்காம் வேண்டாமா? சிதம்பரத்திலிருந்து இன்டர்காம் போடுகிறவரை வரவழைத்தேன்.

அவர் தோளில் டிரில்லிங் மெஷினோடு பஸ்ஸில் வந்தார். சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டினார். வீட்டு லேண்ட்லைன், இன்டர்நெட் ஃபோன் இரண்டும் அதற்குள் போகும். எட்டு இணைப்புகள் வெளியே வரும். பெட்டியின் முகத்தில் லைனுக்கு ஒன்றாக இரண்டு சின்ன சிவப்பு விளக்குகள். என் மேஜைக்குப் பதினொன்று, மனைவி மேஜைக்குப் பன்னிரண்டு, மாடிக்குப் பதின்மூன்று, சமையல்கட்டுக்குப் பதினான்கு. கட்டடக்காரரிடம் பதினான்கு எங்கள் கணக்குப் பிரிவு என்று சொல்லிவைத்தேன். கூப்பிடுகிறவர்களை வரவேற்க மனைவியை ஆங்கிலத்தில் பேசவைத்துப் பதிவு செய்தோம். குக்கர் விசில் விழாமல் ஒரு பதிவு எடுப்பதற்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது.

மாமா இறந்த பிறகு எதிர் வீட்டு ஃபோனை அத்தை சரண்டர் செய்திருந்தார். ஒரே மகன் மஸ்கட்டில் வெல்டர். செல்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு, "அந்தக் குட்டி எழுத்துலாம் நம்மளுக்குத் தெரியாது தம்பி. ஒன் வூட்டு நம்பரத்தான் அவனுக்குக் குடுத்துருக்கேன்" என்று முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. சாயங்காலம் கூப்பிடுவான். அத்தை வந்து ஆபீஸ் அறை நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் பேசுவார். அதே நேரம் அமெரிக்காவில் காலை. கட்டடக்காரரும் அப்போதுதான் கூப்பிடுவார்.

இன்டர்காம்காரர் இதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "நாலு இணைப்பு சும்மாதான சார் கெடக்குது? முப்பது மீட்டர் ஒயர் இருந்தா எதிர்த்த வூட்டுல ஒரு போன் வெச்சுடலாம். அந்தம்மா பாட்டுக்கு அவுங்க வூட்டுலயே பேசிக்குவாங்க."

மனைவியும் ஆமாம் என்றாள். நான் தெருவைத் தாண்டி ஒயர் இழுப்பது சட்டப்படி தப்பு என்றேன்.

"எந்த ஆபீசர் சார் இங்க வந்து ஒயர எண்ணப் போறாரு?" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சட்டத்தின் மேல் அப்படி ஒன்றும் பக்தி கிடையாது. ஆபீஸ் ஃபோனின் ஒரு கிளை ஓட்டு வீட்டில் மீன் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. உண்மை அவ்வளவுதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து மகன், சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படித்தபோது பழகிய பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அத்தைக்குத் தம்பி மகள் இருந்தாள். பேச்சு ஏறிக்கொண்டே போனது. நான் ஐந்தடி தள்ளி இன்டர்நெட் ஃபோனில், ஒரு பெரிய வேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

"அவளத்தான் கட்டுவேன்னா இனிமே எனக்குப் போன் போடாத. நான் செத்தாலும் போடாத" என்று அத்தை அலறி, ரிசீவரை வைத்துவிட்டு அழுதார்.

அங்கே என்ன சத்தம், யாருக்காவது ஆபத்தா என்று கட்டடக்காரர் கேட்டார். தெருவில் ஏதோ சண்டை என்றேன். உங்கள் ஆபீஸ் தெருவிலா இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன், சாதாரணமாகத்தான் சிரித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அழுதுகொண்டிருந்த அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. மனைவிதான் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்டர்காமின் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அழைப்பு என் மேஜையில் அடிக்கும்படி சிதம்பரத்துக்காரர் வைத்திருந்தார். அதை மாற்றினேன். வரவேற்பு ஓடும், தெரிந்தவர்கள் இரண்டு எண்ணை அழுத்துவார்கள், மற்றவர்களுக்கு லைன் தானாக அறுந்துவிடும். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பதினான்கை அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன். காது சரியாகக் கேட்காத என் மாமனாருக்குக்கூட மூன்று தரம் பொறுமையாகச் சொன்னேன். மஸ்கட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி அத்தை சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டார். "கோவத்துல ஒரு வார்த்த வந்துடுச்சு தம்பி. இன்னிக்குப் போட்டான்னா, ஒன் இஷ்டம்டான்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார். நான் திரையைப் பார்த்தபடியே சரி என்றேன்.

ஐந்தரைக்கு லேண்ட்லைன் விளக்கு எரிந்தது. அந்த நேரத்தில் அந்த லைனில் வேறு யாரும் கூப்பிடுவதில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த ஃபோனை எடுத்து இரண்டு பொத்தானைத் தட்டினால் லைன் என்னிடம் வந்துவிடும். கட்டடக்காரர் கூப்பிடும் நேரம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. மூன்றாம் தரமும் எரிந்தது.

"அது என்னா தம்பி செவப்பா எரியுது?" என்று அத்தை கேட்டார்.

"அது நெட்டு லைட்டு அத்தை."

"ஓ" என்றார். ஏழு மணி வரை இருந்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் சும்மா இருந்ததற்காவது ஒரு சாக்கு இருந்தது. இரண்டாம் வாரம் அதுவும் இல்லை. எடுத்தால் போன வாரம் ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்பான், அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்துவிடும் என்று பயந்தேன். விளக்கு நான்கு தரம் எரிந்தது. மூன்றாம் வாரம் மூன்று. அன்றைக்கு அத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி, அவுங்கப்பா மாதிரி. நான் சொன்னத அப்படியே புடிச்சுக்கிட்டான்" என்றார். அவர் போனதும் மனைவி என்னிடம், "அத்தைக்குப் போன் வரலையா, வர விடலையா?" என்று கேட்டாள். உன் வேலையைப் பார் என்று கத்தினேன்.

நாலாவது வெள்ளி அத்தை வரவில்லை. அறையில் நான் மட்டும் இருந்தேன். விளக்கு ஒரே ஒரு தரம் எரிந்தது. அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் எரியவில்லை.

மஸ்கட் நம்பர் ஒரு காகிதத்தில் அத்தையிடம் இருந்தது. நாமே போட்டுப் பேசலாம் அத்தை என்று மனைவி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "பெத்தவ நானா மொதல்ல போடணும்?" என்றுவிட்டார். மறு வருஷம் அவன் லீவில் வந்து சிதம்பரத்தில் பெண் வீட்டாரை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். அத்தை போகவில்லை. பெத்த தாயை மறந்தவன் என்று தெருவே அவனைப் பேசியது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், பல தடவை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் சிதம்பரம் கீழ வீதியில் அவனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

"மச்சான், அப்ப நான் வாரா வாரம் போட்டேன். ஏதோ இங்கிலீஷ்ல சொல்லிட்டு கட்டாயிடுச்சு. எங்கம்மாதான் எடுக்க வேணாம்னு சொல்லிச்சா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அம்மா. "மெஷின் புதுசு மச்சான், ஏதாவது கோளாறா இருந்திருக்கும்" என்றேன். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நாலு வாரமுமா?" என்றான். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அம்மாதான் சொல்லியிருக்கிறார் என்று அவன் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டான். அவன் முகத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் டீயைக் குடித்து முடித்தேன்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. பேரன் பிறந்ததை அத்தை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

2011 முடியும்போது புயல் வந்தது. எங்கள் வாசல் வேம்பு ஆபீஸ் அறை மேலேயே விழுந்து, ஷீட்டுக் கூரையைப் பிளந்து, சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. ஒரு வாரம் கழித்து நனைந்துபோன இன்டர்காம் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். அத்தை துடைப்பத்தோடு உதவிக்கு வந்திருந்தார். குப்பையைக் கூட்டியபடியே, "ஊரே பொரண்டு கெடக்குது. இருக்கியா செத்தியான்னு ஒரு வார்த்த கேக்கல பாரு. அன்னிக்குச் சொன்னதுக்கு இன்னும் மனசுல வெச்சிருக்கான்" என்றார்.

லைனே செத்துக் கிடக்கும்போது யார் எப்படிக் கேட்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை. வேறு வந்தது.

"அத்தை, அவன் போட்டான். நான்தான் எடுக்கல."

முழுவதையும் சொன்னேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். குறிப்புப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை, மாமனார், டீக்கடை எல்லாம். திட்டுவார், துடைப்பத்தால்கூட அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தை என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "நான் கேட்டனே, அந்தச் செவப்பு லைட்டா?"

"ஆமாத்தை."

"எத்தினி தரம் எரிஞ்சுது?"

"மொத வாரம் மூணு. அடுத்த வாரம் நாலு. அப்புறம் மூணு. கடைசியா நீங்க வராத அன்னிக்கு ஒண்ணு."

அத்தை விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு" என்றார். "நான் வராத அன்னிக்கும் போட்டிருக்கான்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. தெருவே குடத்தோடு நின்றது. எனக்கு நாலைந்து பேர் முன்னால் அத்தை நின்றார். யாரும் கேட்காமலே, பக்கத்தில் நின்றவரிடம் உரக்கச் சொன்னார்: "எம்புள்ள அப்ப எனக்குப் பதினோரு தரம் போன் போட்டிருக்கான்டி. எனக்குத்தான் தெரியாம போச்சு. வழி சரியானதும் சிதம்பரம் போயி பேரனப் பாக்கப் போறேன்."

"பதினோரு தரம் போட்டும் உனக்கு எப்புடிக்கா தெரியாம போச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அத்தை திரும்பி, வரிசையில் குடத்தோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"அப்ப லைனு சரியில்லடி" என்றார்.