பின்னால் நிற்காதீர்கள்

அந்தக் கடைக்குள் ரயில் ஓடுகிறது. படப்பை தாண்டி ஒரகடம் போகிற சாலையில், நீல வண்ணம் பூசிய நீளமான கட்டடம். உள்ளே நுழைந்தால் ரயில் பெட்டி மாதிரி இரண்டு பக்கமும் மேசைகள். மேசைகளை உரசிக்கொண்டு தண்டவாளம், அதன்மேல் கையளவு அகலத்தில் ஒரு பொம்மை ரயில். சமையலறைச் சுவரில் குகை மாதிரி ஒரு துளை. தட்டுகளைச் சுமந்துகொண்டு ரயில் அதிலிருந்து வெளியே வரும், நம் மேசைக்கு நேராக வந்து நிற்கும். தட்டை எடுத்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினால் அடுத்த மேசைக்கு நகரும்.

ஜன்னல்கள் நிஜ ஜன்னல்கள் அல்ல, திரைகள். அவற்றில் வயல் ஓடும், பனைமரம் ஓடும், வரப்பில் நிற்கிற சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி கையைத் தூக்குவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே வயல், அதே பனை, அதே கை. வண்டி ஓடுவதாக உடம்பு நம்பிவிடும். யாரும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

அங்கே போகலாம் என்றவள் மகள். புனேயில் வேலை கிடைத்திருந்தது அவளுக்கு.

"கிளம்பறதுக்குள்ள மூணு பேரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடணும்மா. முழுசா. இலை போடறதுலேர்ந்து கை கழுவற வரைக்கும்."

வேறு வீடுகளில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வேளை வந்ததே இல்லை. என் கணவர் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிற லைனில் இருந்தார். ஒரு வாரம் ஏ ஷிப்ட், மறு வாரம் பி, அதற்கடுத்தது சி. நான் தண்டலத்தில் கல்லூரி வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் வந்து படுப்பார். மகள் பள்ளியிலிருந்து வருகிற நேரத்தில் அவர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். பிறகு ஒருநாள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இனிமேலாவது ஆள் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன்.

இருந்தார். ஆனால் ஷிப்ட் நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே வாரம் மாறும்போது அவர் தூக்கமும் மாறியது. சி ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் போர்வைக்குள் கிடப்பார். விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் ஹாலில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருப்பார். பசித்தால் சமையல் மேடை ஓரம் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். உட்காருங்கள் என்றால், "இருக்கட்டும், டைம் ஆவுது" என்பார். எதற்கு டைம் ஆகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இருந்தது.

முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்தக் கூட்டத்தை என்ன சொல்ல. உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் நின்றது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, நம் தட்டில் மிச்சம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துக்கொண்டு. கல்யாணப் பந்தியில் இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, பரோட்டா தாமதமாக வந்து சேரும் என்று அறிவிக்கும்போது, பின்னால் நிற்கிறவர்களின் மூச்சு கழுத்தில் பட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

ரயில் எங்களிடம் வருவதற்குள் வளைவில் சாய்ந்து சால்னாவைத் தண்டவாளத்தில் கொட்டியது. நாங்கள் கேட்காத கோபி மஞ்சூரியன் வந்தது. கேட்ட நாட்டுக்கோழி எதிர்வரிசைக்குப் போய் அங்கே பாதி காலியான பிறகு திரும்பி வந்தது. பரோட்டாவைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"இது ஸ்பேர் பார்ட்ஸா இருக்கும்பா. நீ பாத்து சொல்லு" என்றாள் மகள்.

"ரிஜெக்ட் போட்ட பீஸு" என்றார் அவர். சிரித்தார். பிரியாணிக்குக் காத்திருந்தோம். அவர் உட்கார்ந்திருந்தார். அதுவே எனக்குப் போதும் போலிருந்தது.

அப்போது அவர் பின்னால் நின்ற மனிதர், முடிந்ததா என்று கேட்கிற பாவனையில், அவர் வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

என் கணவர் எழுந்துவிட்டார். யோசித்து எழுந்தது போல இல்லை. விரலில் சால்னா ஒட்டியிருக்க, நாற்காலியை விட்டு இடது பக்கமாக ஓர் அடி விலகி, அந்த மனிதரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எல்லாம் ஓகே, நடந்துகினு கீது" என்றார். அது நான் கேட்டிராத குரல். தட்டையான, வெகு நேரம் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகின குரல். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு கை கழுவப் போனார். அந்த மனிதர் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார். குகையிலிருந்து எங்கள் பிரியாணி அப்போதுதான் வெளியே வந்தது. அவருடைய பங்கு, முன்பின் தெரியாத ஒருவரின் முன்னால் போய் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் கேட்டாள்.

"எதுக்குப்பா எழுந்த?"

"ரிலீவர் வந்துட்டாரே."

"யாரு?"

"பின்னால வந்து தட்னாரில்ல."

லைனில் யாரும் தன் இடத்தை நினைத்தபோது விட்டுப் போக முடியாது. கார் வந்துகொண்டே இருக்கும். அவசரமென்றால் ரிலீவர் என்று ஒருவர் வந்து நிற்க வேண்டும். இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் தோளில் இரண்டு தட்டு. தட்டு விழுந்ததும் விலக வேண்டும், அவர் உள்ளே நுழைய வேண்டும், நடுவில் ஒரு கார்கூடத் தப்பக் கூடாது. கல்யாணமான புதிதில் இதை வேடிக்கையாகச் சொல்வார். "தோள்ல ரெண்டு தட்டு வுழுந்தாத்தான் ஒண்ணுக்கே போவ முடியும்."

"அந்த அங்கிளுக்குக் கதவு மாட்டத் தெரியுமாப்பா?" என்றாள் மகள்.

"பிரியாணி துன்னத் தெரிஞ்சிது" என்றார். அதன் பிறகு வீடு வரும்வரை தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகளுக்கு வேறு யார் மீதும் கோபப்பட முடியவில்லை, கடை மீது கோபப்பட்டாள். போனில் ஒற்றை நட்சத்திரம் வைத்து நீளமாக எழுதினாள். சால்னா, கோபி, பரோட்டா எல்லாவற்றையும் விட, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதைப் பற்றித்தான் அதிகம். தொட்டு எழுப்புகிறார்கள், மனிதர்களா நாம், என்று முடித்திருந்தாள். வருந்துகிறோம், விரைவில் சரிசெய்கிறோம், மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கடையிலிருந்து பதில் வந்தது.

கிளம்புகிற வாரத்தில் கொடுத்தாள். நடுவாரம், மதியக் கூட்டம் கலைந்த நேரம். உண்மையிலேயே சரிசெய்திருந்தார்கள். வாசலில் டோக்கன். பக்கத்தில் ஸ்டேஷனில் இருப்பது போல ஒரு காத்திருப்பு அறை. உள்ளே ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: உணவருந்துவோர் பின்னால் நிற்காதீர்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்ட பரிமாறுகிறவர் தெற்கத்திக்காரர். எங்களை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்.

"இப்பம் ஒரு பய பின்னால வந்து நிக்க மாட்டாம்மா. நிம்மதியா சாப்புடுங்க. யாரோ ஒரு பிள்ள போனுல நாறடிச்சி எழுதிப்புட்டுல்லா. அதுக்குப் பெறவுதான் மொதலாளி முழிச்சாரு."

மகள் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ரயில் இப்போது வளைவில் சாயவில்லை. பிரியாணி மூடியைத் திறந்ததும் ஆவி திரையை மறைத்தது, சிவப்புச் சேலைக்காரியைக் கொஞ்ச நேரம் காணோம். நாட்டுக்கோழி எலும்பைவிட்டுக் கழன்று வந்தது. பரோட்டா விரல் பட்டதும் இதழ் இதழாக விரிந்தது. என் கணவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடி ஒருவர் கண்ணாடி மாற்றிய கதையைச் சொன்னார். மகள் புரையேறச் சிரித்தாள். எங்கள் மேசையில் சத்தம் இருந்தது. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டேன்.

பிறகுதான் கையைப் பார்த்தேன்.

கடைசி மேசையில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுக்குப் போகிற தட்டெல்லாம் எங்களைக் கடந்துதான் போக வேண்டும். ரயில் எங்கள் முன் வரும்போதெல்லாம் என் கணவரின் இடது கை எழுந்தது. கட்டை விரல் தட்டின் விளிம்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அழுத்திக்கொண்டு போனது, கதவு ரப்பரை அழுத்துகிற மாதிரி. அது முடிந்ததும் ஆள்காட்டி விரலால் ஒரு சின்ன டிக். முறுக்கிய போல்ட்டில் மார்க்கரால் போடுவார்களே, அது. பேச்சு நிற்கவில்லை, முகம் திரும்பவில்லை. வாய் சாம்பார் கதை சொன்னது. கை வேறெங்கோ இருந்தது. தட்டுகள் ஒவ்வொன்றும் டிக் வாங்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போயின. அங்கே ஒரு குழந்தை அவற்றிலிருந்து சாப்பிட்டது.

முடித்தோம். மகள் எழுந்தாள்.

"போலாமாப்பா."

"போலாம்."

அவர் எழவில்லை.

"எந்திரி."

"நீங்க போங்க. இன்னும் வர்ல."

"என்ன, ஐஸ்கிரீமா? சொல்லவே இல்ல, திருடா."

அவர் சிரிக்கவில்லை. கண் குகையின் வாயில் இருந்தது. ஏசி குளிரில் நெற்றியில் வியர்வை. மகள் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது, அவர் அதிலிருந்து பிரியவில்லை.

"ஏங்க," என்றேன். "இது ஹோட்டலுங்க."

"தெரியுது." மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார். "எல்லாம் தெரியுது எனக்கு. கால் வர்ல. வுட்டுட்டுப் போவ முடில."

பரிமாறுகிறவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இருக்கட்டும்மா, என்ன அவசரம். எம்புட்டு நேரம்னாலும் இருக்கட்டும். எழுப்பவே கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

மகள் அந்த மஞ்சள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு கோணியது. சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

ரயில் மறுபடி வந்தது. கட்டை விரல், டிக். போயிற்று.

நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன். பலகைக்குக் கீழே, அவர் நாற்காலியின் பின்னால் நின்றேன். அவர் முதுகு இறுகியிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த முதுகை இவ்வளவு நேராக நான் பார்த்ததில்லை. லைனில் நின்றவர்களுக்குத்தான் அந்த முதுகு தெரிந்திருக்கும். வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

உடம்பு முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. எழுந்தார். இடது பக்கமாக ஓர் அடி விலகினார். "எல்லாம் ஓகே, நடந்துகினு கீது" என்றார், அதே குரலில், என் முகத்தைப் பார்க்காமல். கை கழுவப் போனார்.

நான் அவரோடு போயிருக்க வேண்டும். ஆனால் நாற்காலி காலியாக இருந்தது. குகைக்குள் சத்தம் கேட்டது. காலியாக இருக்கக் கூடாது என்று ஏதோ சொன்னது, உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. திரையில் வயல், பனை, சிவப்புச் சேலை. அவள் கையைத் தூக்கினாள். ரயில் ஒரு பாயசக் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் நின்றது. என் கட்டை விரல் கிண்ணத்தின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தது. விரலை நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. பொத்தானை அழுத்தினேன். கிண்ணம் போயிற்று. வெளியே எங்கள் காரின் ஹார்ன் கேட்டது, ஒரு முறை, பிறகு நீளமாக. கேட்டது, தெரிந்தது, நான் குகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் யாரோ வந்து நின்றார்கள். சோப்பு வாசனை. ஈரம் காயாத ஒரு கை என் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது.

எழுந்தேன். அவர் என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்காரப் போகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன். இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இருவரும் வாசலுக்கு நடந்தோம். பின்னால் ரயில் வருகிற சத்தம் கேட்டது. எங்கள் மேசையில் நின்றது. பொத்தானை அழுத்த அங்கே யாரும் இல்லை. கதவு மூடும்வரை அது நின்றுகொண்டேதான் இருந்தது.

காரை நான் எடுத்தேன். மகள் பின் சீட்டில் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "கை கழுவற வரைக்கும் முடிஞ்சுதும்மா" என்றாள். கணக்குப்படி முடிந்துதான் இருந்தது.

அவள் புனே போய்விட்டாள். இவர் இப்போது வீட்டில் மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், எந்த ஷிப்ட் வாரமானாலும். முடித்த பிறகும் உட்கார்ந்திருப்பார். நான் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு அவர் பின்னால் போய்த் தட்டுவேன். எழுந்து ஓர் அடி விலகுவார், டிவி போடுவார். சேர்ந்து சாப்பிடுகிறோம், அது நடந்துவிட்டது.

நேற்று கல்லூரி விடுமுறை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் தனியாகச் சாப்பிட்டேன். ரசம் சோறு, கொஞ்சம் கீரை. தட்டு காய்ந்துவிட்டது, கையும் காய்ந்துவிட்டது. ஜன்னல் வழியே பிள்ளைப்பாக்கம் போகிற கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எழ வேண்டும் என்று தெரிந்தது. அறைக் கதவு திறக்கிற சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.