பிணைப்பது வேறு, முடி போடுவது வேறு

பேட்டன்ட் ஆபீஸிலிருந்து நிராகரிப்பு உத்தரவு வந்த அன்று கற்பகத்துக்கு நான்தான் போன் செய்தேன். ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயும் பக்கத்துப் போளூரிலும் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். கல்யாண வீடியோவை வெளிநாட்டு உறவினர்கள் இணையத்தில் தடங்கலின்றிப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதை விண்ணப்பமாக எழுதிக்கொடுத்த ஏஜென்ட் நான்.

"ஒரு கம்பெனிக்காரன் இதையே காப்பி அடிச்சிகினு கீறான் சார். என்னுதுன்னு சொல்ல எனக்கு ஒரு பேப்பர் வேணும்" என்றார். மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் இருந்தது.

காரணத்தைப் படித்துக் காட்டினேன். அறுந்த டவுன்லோடு விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஏற்கெனவே உள்ளது, இதில் புதுமை இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அறுந்தா தொடர்றதா? நான் எங்க சார் அப்படி சொன்னேன்? பிணைக்கணும்னுதான எழுதிக் குடுத்தேன்?"

அவருடைய தமிழ்க் குறிப்பைத் தேடி எடுத்தேன். அப்படித்தான் இருந்தது. பிணைப்பது என்றால் அறுந்ததைச் சேர்ப்பது என்று நானாக எடுத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதித் தள்ளியிருக்கிறேன், மேதாவி!

மறுநாளே ஆரணிக்குப் போனேன். வீட்டுத் தறியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீளவாக்கில் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தது.

"இழை அறுந்தா முடி போடுவோம் சார். அது வேற. பழைய பாவு தீர்றதுக்கு முன்னாடியே புதுப் பாவை இழை இழையா சேர்க்கறோமே, அதான் பிணைக்கிறது. தறி காலியாவே ஆவாது. வீடியோவும் அப்படித்தான். ஒரு துண்டு ஓடிகினு இருக்கும்போதே அடுத்த துண்டு போளூர் சென்டர்லருந்து வந்து சேர்ந்துடும். அறுந்தாதான சார் தொடரணும்?"

கண்டுபிடிப்பே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

மேல்முறையீட்டு மன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மன்ற உறுப்பினர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல முறைதான். ஆனால் முதல் விண்ணப்பத்தில் இது எங்கே இருக்கிறது?" என்றார். முதலில் எழுதாததைப் பிறகு நுழைக்கச் சட்டம் இடம் தராது. தள்ளுபடி. புதிதாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. அதற்குள் அந்த முறை ஊரறிய ஓடிக்கொண்டிருந்தது; ஊரறிந்தது புதுமை ஆகாது.

வெளியே வந்ததும், "தப்பு என்னுதும்மா" என்றேன்.

கற்பகம் கோபப்படவில்லை. "அந்தக் கம்பெனிக்காரன் சென்டர்ல வந்து ஒக்காந்து பாத்துட்டுத்தான் சார் காப்பி அடிச்சான். எழுதறதுக்கு முன்னாடி நீங்க வந்து பாக்கவே இல்லையே" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தெரியாத சொல்லை எல்லோரும் கேட்டுவிடுவார்கள். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லை நேரில் போய்க் கேளுங்கள். நான் முதலிலேயே போகாததால், கற்பகம் கண்டுபிடித்தது கடைசிவரை கற்பகத்தின் பெயரில் இல்லை.