ஆர்.கே.பேட்டைத் தறிக்கொட்டகையில் பாம்பன் அம்மா

காலை 9.20. திருத்தணி ஸ்டேஷனில் எங்களோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் மலைக்குப் போய் மொட்டை போடுகிறவர்கள். எங்கள் வேண்டுதல் வேறு. என்னுடன் வந்த ஸ்டெல்லா பாம்பன் தீவுக்காரர். தனியாளாகப் படம் எடுப்பவர். பத்து வருடத்தில் ஏழு படங்கள். ஏழும் பிறந்த வீட்டுக்குள்ளேயே எடுத்தவை. கடலைக் காட்டு என்றால் குடிதண்ணீர்க் குடத்தைக் காட்டுவார். அப்பாவின் படகு தாமதமான நாள் முழுவதையும் மூடிவைத்த ஒரு சோற்றுத் தட்டிலேயே சொல்லிவிட்டார். அவர் படங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான்; என்ன ஒரு கண் இவருக்கு என்று ஒவ்வொரு முறையும் மலைத்துப்போகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் டீ பன்னிரண்டு ரூபாய். ஸ்டெல்லா குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கடைசிப் படத்தின் கடைசி நாற்பது விநாடிதான் அவர் கவலை. வெளியே கொடிக்கயிற்றருகே நிற்கும் அம்மா, ஸ்டெல்லா உள்ளேயிருந்து படம்பிடிக்கும் சமையலறை ஜன்னலைப் பார்த்து ஏதோ சொல்கிறார். முகம் மங்கல், உதடு அசைவது தெரியும். கச்சான் காற்றின் இரைச்சலில் பேச்சு பதிவாகவில்லை. அடுத்த மாதமே அம்மா இறந்துவிட்டார்.

"வீட்ல நடக்குறதெல்லாம் ஊருக்குக் காட்டுறேன்னு அம்மா திட்டுறாகன்னுதான் நெனைக்கிறேன். அப்படித்தான்னா, இனி கேமராவத் தொட மாட்டேன் சார்" என்றார். தொட்டே இரண்டு வருடமாகிறது.

விசைத்தறிக்காரர்கள் தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், காட்டிப் பார்ப்போம் என்று இழுத்து வந்தவன் நான்தான்.

10.05. டவுன் பஸ். கே.ஜி.கண்டிகையில் களையெடுக்கப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். "உள்ள போம்மா, பின்னால காலியாத்தானே கீது" என்று தமிழிலும் உடனே தெலுங்கிலும் கண்டக்டர் கத்தினார். ஆர்.கே.பேட்டை வர ஒரு மணி நேரம் பிடித்தது.

11.15. எட்டுத் தறி ஓடும் கொட்டகை. இரைச்சலில் காது வேலைக்காகவில்லை. தறி ஓட்டும் தேசம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கொட்டகையின் சொந்தக்காரர் அவருடைய அக்கா கணவர். விஷயத்தை ஏற்கெனவே போனில் சொல்லியிருந்ததால் அவர் தறிகளை நிறுத்தப் போனார். தேசம்மா தடுத்துவிட்டார்.

"வோணாம் பாவா, ஓடட்டும். சத்தம் நின்னா எனக்குக் காதுதான் வேலை செய்யும், கண்ணு செய்யாது."

லேப்டாப் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, அந்த நாற்பது விநாடியை ஓடவிட்டோம். தேசம்மா நெற்றியைச் சுருக்கினார். ஸ்டெல்லா திரையைப் பார்க்கவே இல்லை, தேசம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா போடு." போட்டோம். மூன்றாவது முறை தேசம்மா சிரித்துவிட்டு, எங்களை வெளியே கூட்டிவந்தார்.

"திட்டலம்மா அவங்க. வெயிலு என் முதுகுல அடிக்குது, அங்கேந்து புடிச்சா மூஞ்சி கறுப்பா உழும், வெளிய வந்து இந்தப் பக்கமா நின்னு எடுன்றாங்க."

ஸ்டெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ மானம் போயிற்று. அந்த இருண்ட முகத்தைத் தாய்மையின் ஆழ்ந்த மௌனம் என்று இரண்டு பக்கம் எழுதியவன் நான். அந்த அம்மா பேசியது லைட்டிங்.

"அக்கா, நாளைக்குக் கேமராவோட வரட்டுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்டெல்லா கேட்டார்.

"ஆங், வா. பத்து மணிக்கு மேல வா, அப்பத்தான் என் தறிமேல வெயிலு உழும்."

மாலை 5.30. திருத்தணியில் லாட்ஜ் பார்த்துத் தங்கி, வாடகைக்கு ஒரு கேமராவும் சொல்லிவைத்துவிட்ட ஸ்டெல்லா என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தார். அவர் மறுபடி படம் எடுக்கப்போகிற சந்தோஷத்தில் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் அவர் சொன்னார்:

"அன்னைக்கு அம்மா கோவமா இருக்காகன்னு கேமராவ அணைச்சிட்டேன் சார். அவுக ரொம்ப நேரம் அந்த வெயில்லயே நின்னாக. கோவத்துல நிக்கிறாகன்னு நெனச்சேன். நான் வெளிய வருவேன்னு நின்னிருக்காக."