அப்பாவின் வாயில் அச்சு மாவு

பல்லுக்குக் கம்பி போடும் கிளினிக் ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், முறை வந்தவர்களை உள்ளே அனுப்புவதும்தான் அவள் வேலை. அதனால் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பும் வயதுப் பையன்களும், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்பிள்ளைகளும். கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார்கள்.

டாக்டரின் அறைக்கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவதெல்லாம் மேசைவரை கேட்கும். "வலிக்குதா?" என்று டாக்டர் பிள்ளையைக் கேட்பார். "வலிக்கலை டாக்டர்" என்று அம்மா பதில் சொல்வாள். கம்பியில் என்ன நிற ரப்பர் மாட்டலாம் என்பதையும் அப்பாதான் முடிவு செய்வார். வாய்க்குச் சொந்தக்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அக்கா ஒரு சிரிப்புக் கதை கட்டிவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கைபேசியில் அதைப் பேசிப் பதிவு செய்தாள். அப்பா குரலில் ஒரு வரி, பையன் குரலில் ஒரு வரி. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனதும் உண்டு.

கதை இதுதான். மகனுக்காகப் பேசிக்கொண்டே இருக்கும் அப்பாவின் வாயில் டாக்டர் பல் அச்சு எடுக்கும் மாவை ஒரு தட்டில் நிரப்பி வைத்துவிடுகிறார். அது இறுகும்வரை டாக்டர் கேட்பதற்கெல்லாம் அப்பாவுக்காக மகன் பதில் சொல்கிறான்.

தங்கை மகனைக் கூட்டி வந்த கல்யாண வீடியோக்காரர் ஒருவர் காதில் இது விழுந்தது. இதைப் படமாக எடுக்கலாம், கேமரா என்னுடையது என்றார். கிளினிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாக டாக்டர் சொன்னார். லைட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு செய்தி போட்டாள்.

பணம் வந்தது, கூடவே யோசனைகளும் வந்தன. அதிகம் கொடுத்தவர் பேங்க் மேனேஜர் ஒருவர். அவருடைய மகன்தான் பையனாக நடிக்கப்போகிறவன். அவர் மேசைக்கே வந்துவிட்டார்.

"நம்ம காசுல எடுத்து நம்மளையே கேலி பண்ணா எப்படிம்மா? கடைசியில பையன் அப்பாகிட்ட மன்னிப்பு கேட்கற மாதிரி வையுங்க."

பிள்ளைகளும் கைச்செலவுக் காசைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அப்பா மன்னிப்பு கேட்க வேண்டுமாம். இரண்டு தரப்புக்கும் அக்கா "பார்க்கலாம்" என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்தாள்.

அவளுக்கும் பதினாறு வயதில் ஒரு மகள் இருந்தாள். வீட்டில் எது கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. ஒலிப்பதிவுக்கு ஆள் இல்லை என்றதும் அவளே வருவதாகச் சொன்னது அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் கேட்டாள்.

"ஹெட்போன் மாட்டிக்கிட்டா யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க இல்ல?" என்றாள் மகள்.

படப்பிடிப்பு அன்று அப்பாவாக நடிக்கவிருந்த பெயின்ட் கடைக்காரர் ஒரு பக்கக் கன்னம் பந்துபோல வீங்கி வந்து நின்றார். நிஜமான பல்வலி. இந்த வாயில் மாவு வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகனை இறக்கிவிட வந்த மேனேஜர் அப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பயந்து நடுங்குகிறவர்களை நாற்காலிவரை கொண்டுபோய் உட்கார வைத்துப் பழகியவள் அக்கா. "அப்பாவை கௌரவமா காட்டணும்னு சொன்னீங்களே சார். உங்களைவிட யார் சார் பொருத்தம்?" என்றாள். மேனேஜர் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

மாவு வாய்க்குள் போனது. டாக்டராக டாக்டரே நடித்தார். அப்பாவுக்கு வலிக்கிறதா என்று பையனைக் கேட்டார். "வலிக்கலை டாக்டர், சும்மா நடிக்கிறார்" என்று எழுதி வைத்தபடியே பையன் சொன்னான். வீடியோக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. வீட்டில் அப்பா எப்படி என்பது அடுத்த கேள்வி. அதற்கு எழுதியிருந்த நகைச்சுவை வரியைப் பையன் விட்டுவிட்டான்.

"அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பதில் தெரியும் டாக்டர். என்கிட்ட எதையும் கேட்கத்தான் தெரியாது."

மேனேஜரின் கடைவாயிலிருந்து எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் மகனையே பார்த்தார். நிறுத்தவா என்று வீடியோக்காரர் சைகையில் கேட்டார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். மாவு இறுகியதும் டாக்டர் வாயிலிருந்த தட்டைப் பிடுங்கி எடுத்தார். மேனேஜர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"மாசா மாசம் இப்படித்தான் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு கிடக்கறியா?"

"ஆமா."

"தாடை விட்டுப்போகுதேடா."

"பழகிடும்ப்பா."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதோடு படத்தை முடித்துவிட்டாள்.

மகள் எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினாள். "எல்லார் டயலாக்கையும் நீ கூடவே முணுமுணுக்கறேம்மா. எல்லா ஷாட்லயும் உன் குரல்தான் கேட்குது." அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. அப்பாமார்களின் வாயை அடைக்கக் கதை எழுதியவளுக்குத் தன் வாயைப் பற்றி நினைப்பே வந்ததில்லை. அந்த முணுமுணுப்பை வெட்டி எடுக்க மகள் இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்தாள். உதவவா என்று கேட்க வந்த அக்கா ஒவ்வொரு முறையும் கதவருகில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் படத்தைப் போட்டார்கள். வந்தவர்கள் நன்றாகவே சிரித்தார்கள். கருத்து ஒன்றும் இல்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். மன்னிப்புக் காட்சி எங்கே என்று மேனேஜர் மட்டும் கேட்கவில்லை. மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. ஒலிப்பதிவு என்ற இடத்தில் அக்கா 'என் அன்பு மகள்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். திரையில் அது இல்லை. மகள் அதை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டிருந்தாள். அக்கா அந்தப் பெயரை முதல்முறை பார்க்கிறவள்போல எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெயர் மேலே ஏறி மறைந்தது. பின்வரிசையில் யாரோ அதற்கும் கைதட்டினார்கள்.