பதினாறு கோரில் ஒன்று மட்டும்

1. "ஒண்ணும்... ல"

அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆகிச் சற்று நேரத்தில், சிங்கப்பூரின் செம்பவாங்கில் தனியாக வசித்த பீட்டர் என்ற முதியவர் கழுத்தில் தொங்கிய உதவிப் பட்டனை அமுக்கினார். சிராங்கூன் சாலையில் இருந்த எங்கள் அழைப்பு மையத்தில் மும்தாஜ் அக்கா எடுத்தார்.

"அங்கிள், மும்தாஜ் பேசுறேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணும்..." குரல் வெட்டுப்பட்டது. பிறகு "...ல" என்று மட்டும் வந்தது.

பட்டனைத் தவறுதலாக அமுக்குகிறவர்கள் தினமும் நாலைந்து பேராவது இருப்பார்கள். எல்லாரும் சொல்வது "ஒண்ணும் இல்ல"தான். அக்கா மறுபடி கேட்டார். மறுபடியும் அதே வெட்டு. ஆனால் தவறுதலாக அமுக்கியவர்கள் உடனே சிரிப்பார்கள், அல்லது சாரி சொல்வார்கள். இவரிடமிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அக்கா ஆம்புலன்ஸை அனுப்பினார்.

பீட்டர் அங்கிள் இடுப்பெலும்பு முறிந்து குளியலறையில் கிடந்திருக்கிறார். அவர் சொன்னது "ஒண்ணும் முடியல". சில வாரங்களில் தேறி வீடு திரும்பினார்.

அந்தச் சேவையின் சர்வர்களுக்கு நான்தான் பொறுப்பு. மூன்று வாரங்களுக்கு முன் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் பதினாறு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பதினாறு மூளைகள், உள்ள புதியதை வைத்தவளும் நானே. குரல் வெட்டுப்படும் புகார்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின.

2. தட்டையான உச்சி

எங்கள் மேலாளர் ராகவன் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் கண்காணிப்புத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாரு ஸ்டெல்லா, சர்வர் ஏழு பர்சென்ட் கூட வேல செய்யல. தூங்குது. இது நெட்வொர்க் பிரச்சினை லா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். லைன் கம்பெனிக்காரர்கள் வந்து இரண்டு முறை சோதித்துவிட்டு எல்லாம் சரி என்றார்கள். கேபிளை மாற்றினோம். நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினோம். குரல் வெட்டுப்படுவது நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா பழைய சர்வருக்கே போயிடலாம்" என்றார் ராகவன். பழைய சர்வரின் டிஸ்க் சாகக் கிடந்ததால்தான் அதை மாற்றினோம். அது ஒரு மாதம் தாங்கும் என்றுகூட என்னால் உறுதி சொல்ல முடியாது.

வியாழன் காலை நேராக அழைப்பு மையத்துக்குப் போய் மும்தாஜ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கேட்டார்: "எப்ப வெட்டுதுன்னு தெரியுமா?"

"அப்பப்ப."

"அப்பப்ப இல்ல. மணி ஆனா ஆரம்பிக்குது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும், அப்புறம் சரியாயிடும்."

"இத ஏன் எங்ககிட்ட சொல்லல அக்கா?"

"சொன்னேனே. புகார் டிக்கெட்ல எழுதினேன். நீங்கதான் அப்பப்ப வருதுன்னு 'இன்டர்மிட்டன்ட்'னு போட்டு மூடிட்டீங்க."

மூடியது நான்தான்.

மணிக்கு ஒருமுறை என்ன நடக்கிறது? அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புது சர்வரோடு வந்த மென்பொருளில், வீடுகளில் இருக்கும் கருவிகள் எல்லாம் மணிக்கொரு முறை ஒரே நேரத்தில் ஒரு சின்ன ஒலிச் சோதனை அனுப்பும்படி வைத்திருந்தார்கள். பாக்கெட் என்னும் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகள்தான், ஆனால் மழைபோல வரும். இருந்தாலும் தூங்குகிற சர்வருக்கு அது ஒரு சுமையா?

பதினோரு மணிக்கு, சர்வர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டும் கிராஃபை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். கோடு ஏறியது. ஆறைத் தாண்டி ஏழைத் தொடாமல் நின்றது. ஐந்து நிமிடம் மேசைப் பலகைபோலத் தட்டையாகவே போய், பிறகு இறங்கியது. அந்தத் தட்டைதான் என்னை உறுத்தியது. வேலை கூடினால் கோடு மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டும். எதன் மீதோ தலை முட்டினால்தான் இப்படித் தட்டையாக நிற்கும். ஆனால் ஆறு சதவீதத்தில் முட்டுவதற்கு அங்கே என்ன கூரை?

கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. நூறைப் பதினாறால் வகுத்துப் பார்த்தேன். ஆறே கால்.

3. இடம் மாறிய வியாதி

பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்து, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும் திரையைத் திறந்தேன். முதல் கோர் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. மற்ற பதினைந்தும் கிட்டத்தட்டப் பூச்சியம். சராசரி மட்டும் பார்த்ததால் எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை.

நெட்வொர்க் கார்டுக்குப் பாக்கெட் வந்தால் அது ஒரு கோரைத் தட்டிக் கூப்பிடும். அந்தக் கோர் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் இன்டரப்ட். எந்தக் கோரை எத்தனை முறை கூப்பிட்டது என்ற கணக்கு சர்வரிலேயே இருக்கும். திறந்தேன். எங்கள் கார்டில் பாக்கெட்டுகள் வந்து நிற்க எட்டு வரிசைகள் உண்டு. எட்டும் முதல் கோரைத்தான் கூப்பிட்டிருந்தன. மற்ற கோர்களுக்கு நேரே வெறும் பூச்சியங்கள்.

மும்தாஜ் அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அப்ப எல்லா காலும் என் மேசைக்கே அடிக்குது. மத்த பொண்ணுங்க சும்மா உக்காந்திருக்காங்க. அதானே?"

"அதேதான் அக்கா. நீங்க எடுக்க முடியாத கால் விழுந்துடுது."

பார்ப்பதற்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் காரணத்தை நம்பக் கூடாது. நெட்வொர்க் என்று நம்பி ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்திருந்தேன். ராகவனுக்கு போன் செய்து, எட்டு வரிசைகளையும் ஆறாவது கோருக்கு மாற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன்.

"சரி பண்ணச் சொன்னா வியாதிய இடம் மாத்துறேங்கிற?"

"இடம் மாறுச்சுன்னா வியாதி அதுதான்னு தெரிஞ்சிடும்."

ராகவன் ஒப்புக்கொண்டு, "உண்மையான கால் எதுவும் வெட்டுப்படக் கூடாது" என்றார். நாங்கள் உண்மையான அழைப்புகளை மாற்று லைனுக்குத் திருப்பினோம். அக்கா முன்னெச்சரிக்கையாக இரண்டு பேரைச் சாதாரண தொலைபேசியோடு உட்கார வைத்தார்.

இரண்டு மணிக்கு முதல் கோர் ஓய்ந்து, ஆறாவது கோர் நூறைத் தொட்டது. சோதனை அழைப்பில் அக்காவின் குரல் முன்போலவே துண்டு துண்டாக வந்தது. இத்தனை ஆண்டு வேலையில், கோளாறு சரியாகாததைப் பார்த்து நான் துள்ளிய நாள் அதுதான்.

பிறகு எட்டு வரிசைகளை எட்டுக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். குரலைக் கையாளும் மென்பொருளை மீதி எட்டில் வைத்தேன். மூன்று மணி வந்தது. ஒரு கோர்கூட இருபதைத் தாண்டவில்லை. அக்கா சோதனைக் கருவியில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினார். ஓர் எண்கூட வெட்டுப்படவில்லை.

"நான் நிறுத்தட்டுமா, இல்ல ஆயிரம் வரைக்கும் போகவா?" என்றார்.

4. யார் வைத்தது?

எட்டு வரிசைகளையும் ஒரே கோரில் கட்டியது யார்? புது சர்வரைத் தந்த கம்பெனியா? சர்வர் தொடங்கும்போது ஓடும் ஸ்க்ரிப்டுகளை, அதாவது கட்டளைக் கோப்புகளை, ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலாவதில் அந்த வரி இருந்தது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "கை வைக்காதே." கீழே இரண்டு எழுத்துகள். என் பெயரின் முதலெழுத்துகள்.

நினைவு வந்தது. எங்கள் பழைய சர்வருக்கு இரண்டே கோர். குரல் மென்பொருளை இன்டரப்ட் தொந்தரவு செய்யாமலிருக்க, நெட்வொர்க் வேலை முழுவதையும் முதல் கோரில் கட்டிப்போட்டேன். அன்று அது சரியான வேலைதான். பாராட்டுகூடக் கிடைத்தது. புது சர்வருக்கு மாறியபோது பழைய ஸ்க்ரிப்டுகளை மொத்தமாகத் தூக்கி வைத்தவளும் நானே.

அந்த வரியை அழித்துவிட்டு, அறிக்கையில் "அமைப்புக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விரல் அழிக்கும் பட்டன்மேல் இருந்தது. பீட்டர் அங்கிளின் அழைப்புப் பதிவை நான் மூன்று முறை கேட்டிருந்தேன். அதைக் கேட்டபிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. டிக்கெட்டை மூடியது உட்பட நடந்ததை என் பெயரோடு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை ராகவன் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன்.

"அந்த வரி அப்ப சரிதான். 'கை வைக்காதே'ன்னு எழுதின நீ, ஏன்னு எழுதலயே. அதான் உனக்கே மறந்து போச்சு."

"ஆமா."

"மும்தாஜோட டிக்கெட்ட மூடினதும் அதே கதைதான் லா. ஏன்னு கேக்கல."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து சர்வரில் எதை மாற்றினாலும் அதன் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுகிறேன்: ஏன் மாற்றினேன், எதைப் பார்த்து முடிவு செய்தேன், எது மாறினால் இதை எடுத்துவிட வேண்டும். அந்த எட்டுக் கோர் பங்கீட்டுக்கும் அப்படியே எழுதி வைத்தேன்.

நான் வேறு பிரிவுக்கு மாறிச் சில ஆண்டுகள் கழித்து, என் இடத்துக்கு வந்த ஹாஜிரா என்ற பொறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நெட்வொர்க் கார்டை மாற்றிவிட்டார்களாம். "நீங்க எழுதியிருந்த காரணம் இப்ப பொருந்தல. அளந்து பாத்துட்டு அந்த வரிய எடுத்துட்டேன். எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டிருந்தார்.

"இல்லை, நன்றி" என்று பதில் எழுதினேன்.