காலிங்பெல்லும் மூளைக் கிளைகளும்

கம்பெனியில் அப்பாவுக்கு வைத்த பெயர் காலிங்பெல். வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கதவு திறப்பதற்குள் தலையைச் சீவி, சிரிப்பை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். முக்கால்வாசிக் கதவுகள் திறந்த வேகத்தில் மூடின. அதற்காக அவர் முகம் தொங்கிப்போனதில்லை. "குடிக்கத் தண்ணி குடுத்தாங்கம்மா. அருமையா இருந்துச்சு. அவங்களுக்கு எதுக்கு ஃபில்டர்?" என்பார். இப்படி ஒரு விற்பனையாளர்.

மகளுக்கு மூளை ஆய்வுக்கூடத்தில் வேலை. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் மீன்குஞ்சு ஒன்றை மயக்கி, கூழில் பதித்து, லேசர் நுண்ணோக்கியின் கீழ் வைப்பாள். வளர்கிற மூளையில் ஒரே ஒரு நரம்பு செல்லைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை படமெடுப்பாள். படங்களைச் சேர்த்து ஓட்டினால், அந்த செல் நாலா பக்கமும் கிளை நீட்டித் துழாவுவது தெரியும். பக்கத்து செல்லைத் தொட்டு சினாப்ஸ் என்கிற இணைப்பு உண்டானால் அங்கே ஒரு பொட்டு ஒளிரும். அந்தக் கிளை தங்கும். மற்றவை பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அதை ஓட்டிக் காட்டினாள். மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்கக் குனிந்து பார்த்தார்.

"இவன் நம்ம ஆளும்மா. எத்தனை கதவு தட்டுறான் பாரு!"

"தட்டுறதுல பாதிக்கு மேல வீண்தான்ப்பா."

"எது வீணு? தட்டாம எந்தக் கதவு திறக்கும்னு எப்படித் தெரியும்?"

"ஒரு குடும்பத்துக்கு ஒரு பைத்தியம் போதாதா?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

படத்தைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார் அப்பா. கம்பெனிக்குப் புது மேலாளர் வந்திருப்பதையும், விற்காத ஆட்களைக் கழித்துக்கட்டுவதுதான் அவருடைய முதல் வேலை என்பதையும் வீட்டில் மூச்சுவிடவில்லை.

புதன்கிழமை, மகள் இருட்டறையில் நுண்ணோக்கியோடு இருந்தபோது போன் அதிர்ந்தது.

"அம்மாடி, உன்னை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். மேனேஜர் சார் எதிர்ல இருக்காரு. உன் படத்தைக் காட்டினேன். அலையாம எதுவும் ஒட்டாதுன்னு சொன்னேன். சார் ஒண்ணு கேக்குறாரு, சொல்லு."

"சூப்பர் படம் மேடம்." இளமையான, பவ்யமான குரல். "ஒட்டாத கிளையை அந்த செல் என்ன பண்ணும்?"

எதற்குக் கேட்கிறார் என்று யோசித்திருக்கலாம். கண்டதைக் கண்டபடி சொல்லிப் பழகிய வாய் கேட்கவில்லை.

"இழுத்துக்கும்."

"பாத்தீங்களா, உங்க பொண்ணே சொல்லிட்டாங்க. நாங்களும் அதைத்தான் செய்யறோம்."

போகப்போவது அப்பாவின் வேலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா கூட்டிப்போன சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது.

"வெட்டிப் போடாதுங்க," என்றாள் அவசரமாக. "உள்ளேதான் இழுத்துக்கும். அந்தச் சரக்கு வீணாகாது. அடுத்த கிளை வளர உதவும்."

"கேட்டீங்களா சார்!" அப்பாவுக்கு உயிர் வந்தது. "உள்ளே! வெளியே இல்லை!"

மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு, சொன்னபடி அப்பாவை உள்ளே இழுத்தும் கொண்டார். புகார்ப் பிரிவில் ஒரு நாற்காலி, தலையில் மாட்ட ஒரு போன். இனி வெயிலில் அலைய வேண்டாம் என்று அம்மாவுக்கு நிம்மதி. செருப்பு தேயவில்லை என்று அப்பாவுக்குக் கவலை.

"முகமே தெரியலம்மா. கதவைச் சாத்துற சத்தம்கூட இல்லை. டொக்குனு வச்சிடுறாங்க," என்றார் ஒரு நாள். பிறகு, "உள்ளே போன சரக்கு மறுபடி வெளியே வர எவ்வளவு நாளாகும்?" என்றார்.

"சில சமயம் நிமிஷக்கணக்குதான்ப்பா."

"உன் மீனுக்கு நல்ல மேனேஜர்."

அவர் இறந்தது அந்த நாற்காலியில்தான். மாரடைப்பு. யாரோ ஒரு பெண்மணி, தன் வீட்டு ஃபில்டர் ஒழுகுவதைப் பற்றிப் போனில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா கண்ணை மூடிக் கவனமாகக் கேட்கிறார் என்றே பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்தார்.

காரியமெல்லாம் முடிந்து, அப்பாவின் பொருட்களை வாங்க மகள் கம்பெனிக்குப் போனபோது, ஆறுதலாக இருக்கும் என்று நம்பி, பதிவான அழைப்பின் கடைசிப் பகுதியை மேலாளர் போட்டுக் காட்டினார். "இவ்வளவு பொறுமையா யாருமே கேட்டதில்லைங்க. நல்லா இருங்க," என்று பெண்மணி வாழ்த்தினார். அந்த அழைப்புக்கு அந்தப் பெண்மணி முழு மதிப்பெண் கொடுத்திருந்தாராம்.

"அவங்க வீட்டு ஒழுகலை யாராவது போய்ப் பாத்தாங்களா?" என்று மகள் கேட்டாள்.

மேலாளர் கணினியில் தேடினார். யாரையும் அனுப்பியதாக இல்லை. புகார் தீர்ந்தது என்று போட்டிருந்தது.