ரெண்டாவது தட்டுக்குக் காத்திருந்தவர்

என் வீட்டுக்காரர் சசிதரனைப் பற்றி யார் கேட்டாலும், முதலில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைத்தான் சொல்வேன். அது சும்மா இருக்காது. சோறு பிசைகிறபோது திடீரென்று நிற்கும், எதையோ தொட்டுப் பார்ப்பதுபோல லேசாக மடங்கும். "என்னங்க?" என்று கேட்டால், "தட்டுற மாதிரி இருந்துச்சு" என்பார்.

அவருக்குத் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எமரால்டு அணைக்குத் தூண்டிலோடு போய்விடுவார். குடித்துவிட்டு வந்தாலாவது வாய் நிறையத் திட்டலாம். மீனோடு வருகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

மண்புழு கோத்துக் கெண்டை பிடிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. முதல் தட்டுக்கு இழுக்கக் கூடாது. அது மீன் மூக்கால் முட்டிப் பார்ப்பது. ரெண்டாவது தட்டு வந்தால்தான் புழு வாய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷம் அப்படியே பிடித்த கை அவருடையது.

ரப்பர் புழுவைக் கொண்டுவந்தது என் தம்பி பாலு. கோயமுத்தூரில் வாங்கினான். வழவழவென்று, சோம்பு வாசத்தோடு இருக்கும். தூண்டில் முள்ளின் முனையை அந்த ரப்பருக்குள்ளேயே புதைத்துவிட்டால், தண்ணீருக்கு அடியில் கட்டைகளில் அவ்வளவாக மாட்டாது. பாலு அதில் ட்ரவுட் மீனாகப் பிடித்தான். இவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மாமா, உங்க விரலுக்குத் தட்டு தெரியுது. ஆனா ரெண்டாவதுக்கு நிக்கிறீங்க. ரப்பர்னு தெரிஞ்ச உடனே மீன் துப்பிரும். ஒரே தட்டுதான், அதுலயே வெட்டி இழுக்கணும்" என்று பாலு தலைபாடாக அடித்துக்கொண்டான். இவர் தலையாட்டுவார். விரல் மட்டும் காத்திருக்கும்.

போன வருஷம் மே மாதம் தண்ணீர் இறங்கி, பழைய மரக்கட்டைகள் தலைகாட்டின நேரம். பாலுவின் முள் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இவர் கையில் கொடுத்தான். "கயிறு ஆடுனா இழுத்துருங்க மாமா" என்று சொல்லிவிட்டு முங்கினான்.

கயிறு ஆடியது. ஒரே ஒரு தடவை. இவர் ரெண்டாவதுக்காக நின்றார். மூன்று மூச்சு நேரம் என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு இழுத்தபோது கயிறு இறுகிப்போயிருந்தது. வேருக்குள் கால் சிக்கியிருந்திருக்கிறது. அக்கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தூக்கியபோது என் தம்பி இல்லை.

இதை அவர் என் ஒருத்தியிடம்தான் சொன்னார். நான்தான் அவர் வாயை அடைத்தேன். "கயிறு ஆடவே இல்லைன்னு சொல்லுங்க. தேவி தாங்க மாட்டா" என்றேன். தேவி பாலுவின் மனைவி. பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அவள் தாங்க மாட்டாள் என்பது பாதிப் பொய். அவள் முகத்தில் முழிக்க முடியாது என்பதுதான் என் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து தின்றேன்.

அன்றிலிருந்துதான் அந்த விரல். கொடிக்கயிறு காற்றில் ஆடினால் எழுந்து ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார். பொறுக்க முடியாமல் கொடியையே அவிழ்த்துவிட்டேன். எங்கள் துணியெல்லாம் இப்போது தேயிலைச் செடிமேல்தான் காய்கிறது. தேவி தினமும் விடிந்ததும் சுவரை ரெண்டு தட்டுத் தட்டி, வேலைக்குப் போக என்னைக் கூப்பிடுவாள். முதல் தட்டுக்கே இவர் உடம்பு தூக்கிப்போடும்.

ஒரு வருஷம் கழித்துத் தேவி பாலுவின் தூண்டிலோடு வந்து நின்றாள். "எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணா. அவரு இதுல என்னத்தக் கண்டாருன்னு பாக்கணும்" என்றாள். இவர் தூண்டிலை வாங்கி முள்ளைத் தடவிப் பார்த்தார்.

மூன்று பேரும் காலை பத்து மணிக்கு அணைக்குப் போனோம். இவர் அந்தப் பக்கம் போய் ஒரு வருஷமாகியிருந்தது. பனிமூட்டம் தண்ணீரைவிட்டு எழும்பவில்லை.

"தூண்டில் நரம்பைத் தொய்ய விடாதே. விரல் மேல போட்டுக்க. மெதுவா இழு, நிறுத்து. தட்டு தெரிஞ்சாலும் சரி, நரம்பு பக்கவாட்டுல நகர்ந்தாலும் சரி, தொய்வைச் சுத்தி எடுத்துட்டு மேல வெட்டு" என்றார். தேவி கெட்டிக்காரி, நாலாவது வீச்சிலேயே கை படிந்துவிட்டது.

அப்போது நரம்பு ஒருதரம் வெடுக்கென்றது. எனக்கே தெரிந்தது. தேவி அசையவில்லை.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுதுண்ணா. இன்னொரு தட்டு வரட்டும்னு பாத்தேன்."

இவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "நானும் அப்படித்தான் பாத்தேன் தேவி" என்றார்.

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. தண்ணீரைப் பார்த்தாள். அந்தக் கட்டை இருந்த இடத்தைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியும் என்று தலையசைத்தேன். என் கூடப்பிறந்தவன் சாவையே மூடி வைத்தவள் நான், வேறு என்ன செய்ய? தேவி தூண்டிலைக் கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு நாடுகாணியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இவர் விரல் அடங்கியது. சோற்றை ஒழுங்காகப் பிசைந்து சாப்பிடுகிறார். பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது, சில நாள்.

முந்தாநாள் விடிந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சுவரில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. ரெண்டாவதுக்கு நான் நிற்கவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓடினேன். தேவி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் பனி ஈரம்கூடக் கலையவில்லை.

திரும்பி வந்தால், இவர் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்கும் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுதுங்க" என்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.